அட்மின் சார் போட்ட பூட்டு

எம்பிராய்டரிப் பட்டறையில் அவருக்கு இரண்டு பெயர்கள். நேரில் அட்மின் சார், முதுகுக்குப் பின்னால் பூட்டு. இரண்டையும் அவராகத்தான் தேடிக்கொண்டார். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளில்லை. பட்டறை முதலாளிக்கு மனைவியாக மாடியில் இருக்கும் சொந்த அக்காகூடத் தம்பி என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால், வேலை சுத்தம் என்கிற ஒன்றோடு நின்றுபோகிறது. துண்டு, தொப்பி, சட்டைப்பை என்று எதன்மேல் கேட்டாலும் சின்னம் தைத்துக் கொடுக்கிற இடம் அது. வாடிக்கையாளர் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். அந்தப் படத்தைத் தையலாக மாற்ற வேண்டும். ஊசி எங்கே ஆரம்பிப்பது, எந்த நிறம் முதலில், எந்தப் பக்கம் சாய்த்துத் தைப்பது, எங்கே நூலை வெட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட வேண்டும். இதற்குப் பஞ்சிங் என்று பெயர். முடிவில் கிடைக்கிற ஃபைலை மெஷினில் ஏற்றினால் வரிசையாக நிற்கிற ஊசிகள் ஒன்றாக இறங்கி, ஒரே மாதிரிப் பூவையோ புலியையோ தைத்துத் தள்ளும். நம் ஆள் பஞ்சிங் செய்தால் துணி சுருங்காது, நூல் அறுந்து மெஷின் நிற்காது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்றபடி மனிதர் விஷம்.

கண்ணாடித் தடுப்புக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் நுழைய ஆளுக்கொரு கணக்கு உண்டு, எல்லா அதிகாரமும் உள்ளது அவருடையது மட்டும். பிரிண்டரைச் சேர்க்க வேண்டுமா, புது எழுத்துரு ஏற்ற வேண்டுமா, திரையின் மூலையில் தப்பாக ஓடுகிற கடிகாரத்தைத் திருத்த வேண்டுமா, திரையில் 'அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவை' என்று வந்து நிற்கும். இவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் வந்துவிட்டால் அப்புறம் என்ன மரியாதை? கையிலிருக்கிற டீயை ஆற அமரக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவார். இடது கையை விசிறி மாதிரி விரித்து விசைப்பலகையை மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடிப்பார். அடித்துவிட்டு, ஏதோ தானம் கொடுத்தவர் மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்.

டிசைன் விஷயத்தில் இன்னும் மோசம். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பென்டிரைவைத் தொங்கவிட்டிருப்பார். அன்றைக்கு எந்த டிசைன் ஓடவேண்டுமோ அதை மட்டும் அதில் ஏற்றிக்கொண்டு மெஷினுக்கு அவரே நடந்து வருவார். வேலை முடியும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருந்து, முடிந்ததும் மெஷினிலிருந்து டிசைனை அழித்துவிட்டுத்தான் போவார். நடுவில் கரண்ட் போய் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டால், மெஷின் ஓட்டுகிற பெண் கண்ணாடித் தடுப்பின் முன்னால் போய் நிற்க வேண்டும். நிற்க வைப்பார். உள்ளே சும்மா உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டே நிற்க வைப்பார்.

இத்தனை போதாதென்று, டிசைன்கள் இருக்கிற ஃபோல்டருக்குத் தனியாக ஒரு பூட்டு. கம்ப்யூட்டரே கொடுக்கிற பூட்டுதான் அது. அவர் கணக்கில் நுழைந்தால் பூட்டு இருப்பதே தெரியாது, ஏனென்றால் சாவி அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. வேறு எவர் எப்படியாவது ஃபோல்டருக்குள் புகுந்தாலும் ஃபைலின் பெயர் தெரியுமே தவிர உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாது. பூட்டுப் போட்ட நாளிலிருந்து திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்து, சாவிக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள், எடுத்து வையுங்கள் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தது. அவர் அதன் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி அதன் வாயை மூடினார். நகல் என்று ஒன்று எடுத்தால் அது எவன் கையிலாவது சிக்கும் என்பது அவர் நினைப்பு.

இப்படி ஒரு புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். வேலை பார்த்த அச்சகம் மூடியபோது, பெண்டாட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். மாடியின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தார்கள். கீழே வேலையும் கொடுத்தார்கள். முதல் வாரத்தில் ஒரு நாள், மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் அக்கா புருஷனை அத்தான் என்று கூப்பிட்டுவிட்டார். முதலாளி மெஷின்களை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கி எல்லாருடைய காதும் காலியான பிறகு, "அத்தான் கித்தான்லாம் மாடியோட. இங்க சார். கூப்பிட வாய் வரலன்னா ரூம காலி பண்ணிட்டுப் போயிட்டே இரு" என்றார். அடிநூல் பாபின் மாற்றிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் குனிந்துகொண்டார்கள். அன்றைக்கு அவர் முடிவு செய்தார். என்னைப் போ என்று சொல்ல முடியாதபடி செய்துவிட்டுத்தான் மறுவேலை. அந்தப் பூட்டு அப்படி விழுந்தது. கீழே வேலை இருந்தால்தான் மேலே இரண்டு அறை. டிசைன்கள் தன் கையில் இருந்தால்தான் கீழே வேலை. இந்த இரண்டு வரிதான் அவருடைய வாழ்க்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவமானப்பட்டவன் அடுத்தவனை அவமானப்படுத்த மாட்டான் என்று நினைப்பவர்கள் எந்தப் பட்டறையிலும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். அவர் வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். முக்கால்வாசி வாங்கிக்கட்டிக்கொண்டவள் கண்ணாடிக்காரி. தடித்த கண்ணாடி போட்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். மெஷினில் ஆரம்பித்து, தானாகவே பஞ்சிங் கற்றுக்கொண்டு, பிற்பகலில் அவர் மெஷின்களைப் பார்க்கப் போகும் நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் தன் கணக்கில் நுழைந்து பெயர்கள், எழுத்துகள் மாதிரிச் சின்ன வேலைகளைச் செய்வாள். பெரிய டிசைன்களை ஒருதரம் திறந்து பார்க்க அனுமதி கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. கேட்கும்போதெல்லாம், பார்த்து என்ன கிழிக்கப் போகிறாய் என்பார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "கிழிக்கிறதுக்கு இல்ல சார், தைக்கிறதுக்கு" என்பாள். மெஷின் பக்கமிருந்து சிரிப்பு வரும். அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். அவள் வீட்டு நிலைமையைச் சொல்லி உங்களை அழவைக்கும் உத்தேசம் எனக்கில்லை. சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி, அவ்வளவுதான்.

இந்த நிலைமையில் பட்டறைக்குப் புது மெஷின் வந்தது. பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிற பழைய சிஸ்டத்தோடு அது பேசாது, சிஸ்டத்தை மேம்படுத்தியே ஆகவேண்டும் என்றார்கள். சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். வேலையைத் தொடங்கும் முன்னால், எதையாவது பூட்டி வைத்திருந்தால் இப்போதே திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாவியையாவது நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று பொறுமையாகக் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்த நேரம் பார்த்து முதலாளி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பூட்டு இருக்கிறது என்று இவர் வாயைத் திறந்தால், எதற்குப் பூட்டு, யாரைக் கேட்டுப் பூட்டு, திற என்று வரும். அப்புறம் எல்லா டிசைனும் முதலாளி கைக்குப் போகும். அதனால் பூட்டெல்லாம் ஒன்றும் இல்லை என்று முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொன்னார். சர்வீஸ்காரர் தலையை ஆட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார். மாலைக்குள் புது சிஸ்டம் ஏறிவிட்டது. அவரும் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அட்மின் சார் தன் கணக்கில் நுழைந்தார். படம் புதிதாக இருந்தது, பொத்தான்கள் இடம் மாறியிருந்தன, அதெல்லாம் பரவாயில்லை. பஞ்சிங் சாஃப்ட்வேரைத் திறக்கப்போனார். 'அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவை' என்றது.

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. யாரிடம் வந்து யாருடைய அனுமதியைக் கேட்கிறாய் என்று மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதே கட்டம். தொடர்வதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை அடிக்கவும் என்று போட்டிருந்தது, அடிப்பதற்கு இடமே கொடுக்கவில்லை. கீழே இரண்டு பொத்தான்கள். 'ஆம்' வெளிறிப்போய் அழுத்த முடியாமல் கிடந்தது. 'இல்லை' மட்டும் பளிச்சென்று இருந்தது. அதைத்தான் அழுத்த முடிந்தது. கணக்குகளின் பட்டியலைத் திறந்து பார்த்தார். அவர் பெயருக்குக் கீழே இத்தனை காலமாக இருந்த அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சொல்லைக் காணோம். 'சாதாரண பயனர்' என்று இருந்தது.

பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் கண்ணாடிக்காரி. நூல்கண்டுகளைக் கையில் அணைத்துக்கொண்டு திரையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீங்களும் எங்கள மாதிரிதானா சார்?" என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். பட்டறையில் அன்றாடம் நடக்கிற கேலியில் பாதிகூட இல்லை அது. ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. போய் வேலையைப் பார் என்று கத்தினார். கத்தியது அவசியத்துக்கு மேல் சத்தமாகிவிட்டதால் மெஷின் பக்கமிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள், விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

சர்வீஸ்காரருக்குப் போன் செய்தார். சிஸ்டத்தை மேம்படுத்தும்போது சில சமயம் கணக்கின் பதவி இப்படிக் கழன்றுவிடும் சார், திங்கட்கிழமை வந்து மாட்டிவிடுகிறேன் என்றார் அவர். ஃபைல் எல்லாம் திறக்கிறதா என்று கேட்டார். இவர் பார்த்தார், சாஃப்ட்வேர் இல்லாமலே படமாகத் திறந்தது. பென்டிரைவில் ஏறுகிறதா? ஏறும். அப்படியென்றால் அவசரமான டிசைனை ஏற்றி மெஷினில் போட்டுக்கொள்ளுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள், ஒரு நாளைக்குச் சாதாரண ஆளாகவே இருந்துவிட்டுப் போங்களேன் என்றார். சும்மா ஆறுதலுக்குச் சொன்னார் அதை. அதுதான் இவரைத் தின்றது.

அவசரமான டிசைன் என்றால் கொக்கு. ஒரு பெரிய ஹோட்டலின் சின்னம் அது, ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. ஆண்டுதோறும் குளியல் துண்டுகள் மலை மாதிரி வந்து இறங்கும். அத்தனையிலும் கொக்கு நிற்க வேண்டும். திங்கட்கிழமை ஆரம்பித்தாக வேண்டிய வேலை. கொக்கின் இறகில் வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு நிறம் இறங்குகிற இடத்தைப் போல் ஒன்றை வேறு எவனும் போட முடியாது என்பது அவருடைய எண்ணம். அதை அப்போதே பென்டிரைவில் போட்டிருக்கலாம். போடவில்லை. அது எங்கே ஓடிவிடப்போகிறது, முதலில் என் பதவி என்று நினைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையில் ஈ காக்கை இல்லை. தனியாக இறங்கி வந்து, கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, போனில் ஒரு வீடியோவைப் போட்டுப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். வீடியோக்காரன் விவரமானவன்தான். கம்ப்யூட்டருக்குள் ஒளிந்திருக்கும் மூல அட்மினிஸ்ட்ரேட்டரை எப்படி எழுப்புவது என்று காட்டினான். இவர் எழுப்பினார். அதன் வழியாகப் பழைய கணக்குக்குப் பதவியைத் திருப்பிக் கொடுங்கள் என்றான். கொடுத்தார். மாற்றம் அடுத்த முறை நுழையும்போதுதான் தெரியும் என்று திரையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சின்ன எழுத்தைப் படிக்கும் பழக்கம் அவருக்கு ஏது? திறந்திருந்த பட்டியலில் பெயருக்குக் கீழே இன்னும் அதே 'சாதாரண பயனர்' இருப்பதைப் பார்த்தார், கண்ணாடிக்காரியின் குரல் காதில் கேட்டது, பொறுமை போய்விட்டது. இந்தக் கணக்கே நாசமாய்ப் போச்சு, புதிதாக ஒன்று போடலாம் என்று தீர்மானித்தார்.

புதிய கணக்குக்கு என்ன பெயர் வைப்பது? அதே பெயர்தான் வேண்டும். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் மறுத்தது. ஓகோ என்றார். பழைய கணக்கைத் தேர்ந்தெடுத்து, நீக்கு என்பதை அழுத்தினார். நிச்சயமாகவா என்று கேட்டது. இந்த முறை 'ஆம்' பளிச்சென்று இருந்தது. அழுத்தினார்.

புதுக் கணக்கில், அதே பெயரில், பெயருக்குக் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சொல்லோடு நுழைந்தபோது அவருக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. எழுந்து நின்று சோம்பல் முறித்தார். டிசைன் ஃபோல்டரைத் திறந்தார், உனக்கு உரிமை இல்லை என்றது. அதற்கும் வீடியோவில் வழி இருந்தது, உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஃபோல்டர் திறந்தது. கொக்கு, மயில், நங்கூரம், சிங்க முகம் என்று எல்லாப் பெயர்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பூட்டு. கொக்கை அழுத்தினார். 'இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.' மயிலை அழுத்தினார். சிங்கத்தை அழுத்தினார். பேயறைந்தவர் மாதிரி ஒன்றுவிடாமல் அழுத்திப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் சர்வீஸ்காரர் வந்தபோது அட்மின் சாரின் முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் இருவர் மட்டும். சர்வீஸ்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழைய கணக்கு எங்கே என்று கேட்டார். இவர் சொன்னார். அதே பெயரில்தான் புதியது போட்டிருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார், அது ஏதோ சமாதானம் மாதிரி.

"பேரு நமக்குத்தான் சார்" என்றார் சர்வீஸ்காரர். "கம்ப்யூட்டர் பேரப் பாக்காது. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளுக்குள்ள ஒரு நம்பர் வச்சிருக்கு, அதத்தான் பாக்கும். அதுக்கு நீங்க இப்ப யாரோ ஒருத்தர்."

உரிமையை மாற்றிக்கொண்டேனே என்றார் இவர். மாற்றினீர்கள், வீடு உங்கள் பெயருக்கு வந்துவிட்டது, உள்ளே இருக்கிற பெட்டிகளின் சாவி அந்தக் கணக்கோடு எரிந்துபோய்விட்டது என்றார் அவர். சாவிக்கு நகல் எடுத்தீர்களா? இல்லை. பூட்டு இல்லை என்றுதானே சார் அன்றைக்குச் சொன்னீர்கள்? இவர் கழுத்துக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார். எங்காவது வேறு ஒரு பிரதி? கழுத்திலிருந்த பென்டிரைவைச் செருகினார்கள். அதில் கடைசியாக ஓடிய ஒரு பள்ளிக்கூடச் சின்னம் மட்டும் இருந்தது. சர்வீஸ்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"சனிக்கிழமை எல்லாம் திறந்துச்சுல்ல சார்? அட்மின்ங்கிற பேருதான் போயிருந்துச்சு. சாவி உங்ககிட்டயேதான் இருந்துச்சு."

இதை அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் ஆழமாக இறங்கியது. யாரிடமும் சொல்லவேண்டாம் என்று இவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்தார். துண்டுகளை இறக்கியாகிவிட்டது, கொக்கு எங்கே என்று கேட்டார்.

இவர் வாயைத் திறந்தார். சத்தியமாக, அந்த நிமிடம்வரை என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. மாடியின் இரண்டு அறைகள் கண் முன்னால் வந்தன. சாமான்களைப் படியில் இறக்குகிற மாதிரி தெரிந்தது. "சனிக்கிழமை கடைசியா உக்காந்தது அவதான் சார். எதையோ நோண்டி எல்லாத்தையும் அழிச்சிட்டா" என்றார். சொல்லி முடித்தாகிவிட்டது. இவ்வளவு லேசா என்று அவருக்கே ஆச்சரியம்.

கண்ணாடிக்காரியைக் கூப்பிட்டார்கள். கையில் நூல் பிசிறோடு வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வரவில்லை, நியாயம்தான் வந்தது. "கடிகாரத்தக்கூடத் திருத்த முடியாத கணக்குதானே சார் எனக்குக் குடுத்திருக்கீங்க. நான் எப்படி உங்க கணக்க அழிக்க முடியும்?" என்றாள்.

அசைக்க முடியாத வாதம். அவர் இத்தனை காலம் அவளுக்குச் செய்த கொடுமையே அன்றைக்கு அவளுக்குச் சாட்சியாக நின்றது. ஆனால் பூட்டுக்கும் மூளை உண்டு. சிஸ்டத்தை மேம்படுத்தியதும் எல்லாக் கணக்குக்கும் எல்லா அதிகாரமும் வந்துவிட்டது, அதைப் பயன்படுத்திக்கொண்டாள் என்று போட்டார் ஒரு போடு. அது பச்சைப் பொய் என்று அந்த அறையில் சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அந்தச் சர்வீஸ்காரர் தன் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடிவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார். முதலாளி கண்ணாடிக்காரியைப் பார்த்து, நாளைக்குச் சொல்லுகிறேன், இப்போது வீட்டுக்குப் போ என்றார்.

முதலாளி அதற்குப் பிறகு கோபப்படவே இல்லை. அதுதான் விசித்திரம். போன வருடத்துத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, விரித்து, போனில் படம் பிடித்து எங்கோ அனுப்பினார். மறுநாள் முற்பகலில் புதுக் கொக்கு வந்து சேர்ந்தது. வெளியூரில் எவனோ முகம் தெரியாதவன் உட்கார்ந்து பஞ்சிங் செய்த கொக்கு. அதை மெஷினில் ஏற்றச் சொல்லி இவரையே அனுப்பினார். ஊசிகள் இறங்கின. எங்காவது நூல் அறுந்துவிடாதா, துணி சுருங்காதா, இறகில் திட்டு விழாதா என்று இவர் வேண்டாத தெய்வமில்லை. ஒரு இடத்தில்கூட நூல் அறவில்லை. துணியைப் பிடித்திருந்த சட்டத்தைக் கழற்றிப் பார்த்தார். கொக்கின் கண் மட்டும் ஒரு நூலளவு சிறிதாக இருந்தது. அதை யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினார். கேட்க ஆளில்லை.

முதலாளி அவரை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டார்.

"சர்வீஸ்காரன் நேத்தே எல்லாத்தையும் சொல்லிட்டான். அழிச்சது நீதான்."

முதலாளி குரலை உயர்த்தவில்லை. கொக்கு வந்துவிட்டது, மற்றதும் இப்படியே வந்துவிடும், இனி உள்ளே பஞ்சிங்குக்கு இரண்டு பேர் தேவையில்லை, ஒருத்தர் போதும் என்றார். தொழில் தெரிந்தவள் கண்ணாடிக்காரிதான் என்பதும் தனக்குத் தெரியும் என்றார்.

"என் டிசைனெல்லாம் இவ்வளவு நாளா..." என்று இவர் ஆரம்பித்தார்.

"டிசைனுக்காகவா உன்ன வச்சிருக்கேன்னு நெனச்சே? இந்த மாதிரி வெளிய குடுத்து வாங்கலாம்னு எனக்கு எப்பவோ தெரியும். உன்ன அனுப்பினா உங்க அக்கா அழுவா. அத உக்காந்து கேக்க எனக்கு நேரமில்ல. அதான்." கொஞ்சம் நிறுத்தி, "அவள வரச் சொல்லியிருக்கேன், கேட்டுல நிக்கிறா. வேல இல்லன்னு நீயே போய்ச் சொல்லிடு. மனசு கேக்கலன்னா உண்மையச் சொல்லிக் கூட்டிட்டு வா. அவ வந்தா ரூம் காலியாகணும்" என்றார்.

படியிலிருந்து வாசல் கேட் இருக்கும் தூரத்தை நடக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்குள் மனிதன் மாறவும் முடியும். அவர் அந்த நேரத்தில், இத்தனை ஆண்டுகளாகப் பூட்டிப் பூட்டிக் காத்தது வெறும் குப்பையைத்தானா என்று யோசித்தார். தன்னை நினைத்து அவருக்குக் கண்கூடக் கலங்கியது. தன்னை நினைத்து மட்டும்.

கண்ணாடிக்காரி வேலைக்கு வருகிற சேலையில், சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தாள். இனி வரவேண்டாம் என்று சொன்னார். நான் உங்கள் டிசைன்களைத் தொடவில்லை என்று உங்களுக்குத் தெரியும் என்றாள். இவர் கேட்டின் கொண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுப்புறது அனுப்புங்க சார். வேற இடத்துல போய் வேலை கேட்டா இங்க போன் பண்ணி விசாரிப்பாங்க. நீங்கதான் எடுப்பீங்க. அப்பவாவது நான் அழிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

அதைக் கொடுப்பதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சரி என்று தலையசைத்திருந்தால் போதும்.

"தப்பு பண்ணா ஒத்துக்கணும்மா" என்றார். "ஒத்துக்கிட்டிருந்தா நானே முதலாளிகிட்ட பேசியிருப்பேன்."

அவள் திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு அவர் முகத்தை நன்றாக ஒருதரம் பார்த்தாள். அப்புறம் டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், மாடி அறையில் அவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. வேறொரு எம்பிராய்டரிப் பட்டறைக்காரர். மரியாதையான குரல். கண்ணாடி போட்ட ஒரு அம்மா வேலைக்கு வந்திருக்கிறார், கை நன்றாக இருக்கிறது, உங்களிடம் இருந்ததாகச் சொன்னார், எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை கேட்கலாமா என்றார். அட்மின் சாரின் பெண்டாட்டி எதிரே உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரிதான் அழித்தாள் என்று எல்லாரையும் போல அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். நல்லவள் என்று இவர் இப்போது சொன்னால், அப்படியானால் டிசைன்களை அழித்தது யார் என்று அவள் கேட்பாள்.

"வேல தெரியும்" என்றார் போனில். "ஆனா கம்ப்யூட்டர்ல கை வைக்க விடாதீங்க. அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல விரும்பல."

புரிந்தது, ரொம்ப நன்றி என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

யார் என்று பெண்டாட்டி கேட்டாள். சொன்னார். "அடிப்பாவி, இன்னொரு எடத்தையும் கெடுக்கக் கெளம்பிட்டாளா? நல்ல வேளை, சொன்னீங்க" என்று வாயில் வந்தபடியெல்லாம் அவளைச் சபித்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டாள். போடு என்று தட்டை நீட்டினார்.